அப்பாவை ஓட்டு

சுண்டுவின் கையிலிருந்த கேம் ரிமோட்டில் பச்சை லைட் எரிந்தது. எரிய வழியே இல்லை. அதிலிருந்த இரண்டு பாட்டரியையும் போன மாதம் அவள் அப்பாவே கழற்றி ஹால் கடிகாரத்துக்குப் போட்டிருந்தான்.

"கொண்டா இங்கே" என்று வாங்கிப் பின்மூடியைத் திறந்தான். இரண்டு பள்ளமும் காலி. லேசாகத் துரு வாசனை. லைட் மட்டும் அது பாட்டுக்கு எரிந்தது. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, பன்னிரண்டு வருஷமாகக் கரண்ட்டோடு குடும்பம் நடத்துகிறவன். எங்கேயோ கொஞ்சம் மிச்சம் தங்கியிருக்கும், தானே அணைந்து தொலையும் என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மகள் சுண்டுவுக்கு ஆறு வயசு. ரிமோட் செத்துப்போன சமாச்சாரம் அவளுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் வேலையிலிருந்து வந்துவிடுவான், மனைவி ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து வர ஆறரை ஆகும். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம் அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும்.

டிவியில் அவர்கள் ஆடுவது ஒரே வீடியோ கேம்தான். மஞ்சள் கோட்டுப் போட்ட தபால்காரன் ஒருவன் கூரைக்குக் கூரை தாவிக் கடிதம் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த கேமில் பிடித்ததே அது சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதுதான். எந்த லிஃப்ட் ஒரே தடவையில் கேட்டிருக்கிறது? எந்த மேனேஜர்தான் கேட்டிருக்கிறார்? இங்கே நீலப் பட்டனைத் தொட்ட மாத்திரத்தில் தபால்காரன் பறப்பான், காலடியில் ஓடுகள் கலகலவென்று நொறுங்கும். குறி தப்பி விழுந்தாலும் குடி முழுகிப் போகாது. 'டொய்ங்' என்று எம்பி, முதல் கூரையில் வந்து நின்று, கோட்டுத் தூசியைத் தட்டிக்கொள்வான். அந்த டொய்ங்கைக் கேட்பதற்காகவே சுண்டு, "விழுப்பா, ஒரே ஒரு தடவை விழுப்பா" என்று கெஞ்சுவாள்.

தபால்காரன் பின்னாலேயே ஒரு நாய் ஓடி வரும். அது தானாக ஓடுகிற நாய். அதைத்தான் மகள் ஓட்டுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தான். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு உயிரைக் கொடுத்து அமுக்குவாள். இவன், "அடேயப்பா, என்னமா ஓட்டுறே!" என்பான். பிள்ளை அழாது, ஆட்டமும் கெடாது. ஊரில் எத்தனையோ வீட்டில் நடக்கிற திருட்டுத்தனம்.

பச்சை லைட் எரிந்த அன்றைக்கு மாட்டிக்கொண்டான். மூக்கைச் சொறிய அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். நாய் நிற்கவில்லை.

"அப்பா, நான் ஓட்டவே இல்லியே. அது எப்படி ஓடுது?"

"அது... உன்கிட்டயே கத்துக்கிச்சு."

"பொய்! இவ்வளவு நாளா ஏமாத்துனியா?"

கீழுதடு பிதுங்கியது. அவனுக்குச் சுருக்கென்றது. தன் ரிமோட்டை அவளிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் கடைசிக் கூரைக்கு இன்னும் மூன்றே தாவல், மனசு வரவில்லை. கஞ்சப் பயல்.

"சரி சரி, அழாதே. நாயும் வேணாம் பேயும் வேணாம். இன்னிக்கு நீ அப்பாவை ஓட்டு."

"நிஜமா?"

"நிஜமாத்தான். மஞ்சள் கோட்டுதானே அப்பா? அப்பாவை உன் கையில குடுத்துட்டேன், போ."

கேம் ஆடுகிறவர்கள் பேசுகிற பேச்சு அது. திரையில் இருக்கிறவன் விழுந்தால் 'நான் விழுந்துட்டேன்' என்போமே, அந்த மாதிரி. அவன் போட்ட கணக்கு வேறு. அவள் கட்டைவிரலை ஓரக்கண்ணால் பார்த்து, அவள் அமுக்குவதையே தானும் அமுக்குவது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்.

முதலில் பிரமாதமாகப் போனது. அவள் நீலத்தை அமுக்க இவனும் நீலம். அவள் இடது, இவன் இடது. துளிகூடப் பிசகவில்லை. நம்ம கை இவ்வளவு வேகமா என்று அவனுக்கே பெருமையாக இருந்தது. பால்கனியில் காயப்போட்ட ஈரத்துணியின் சோப்பு வாசனை வந்தது, மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அவன் ஒரு நொடி தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தான், அப்போதும் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே இருந்தது, திரையில் தபால்காரன் ஒரு தாவல்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தான்.

அவன் சிரிக்கப் பார்த்தான். விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தான். தோளை உலுக்க நினைத்தான், அதுவும் வரவில்லை. பிறகு சுண்டு நீலத்தை அமுக்கினாள். அவன் சோபாவிலிருந்து எழும்பிக் குதித்தான். கையிலிருந்த ரிமோட் தரையில் விழுந்து உருண்டது.

"ஹை! அப்பா, சூப்பர்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் திரையையே பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். மறுபடி நீலம். மறுபடி குதித்தான். இடது. சோபாவைச் சுற்றினான். வலது. சுவரில் தோள் மோதியது, வலித்தது, கால் நிற்காமல் சுவரைத் தேய்த்துக்கொண்டே நடந்தது.

வேண்டாம்டா கண்ணு, கீழே வை என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. அந்த ரிமோட்டில் ஓட ஒரு பட்டன், தாவ ஒரு பட்டன். பேச பட்டன் கிடையாது.

அழலாம் என்றால் அதற்கும் கிடையாது.

"எவ்வளவு நல்லா நடிக்கிறேப்பா!" என்றாள். இத்தனை நாள் ஏமாற்றியதற்கு அப்பா ஈடுகட்டுகிறான் என்று அவளுக்குச் சந்தோஷம். கண்ணெல்லாம் ஜொலித்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் தினமும் ஓடோடி வருவான்.

சாப்பாட்டு மேஜை. நாற்காலி மேல் ஏற்றினாள். இறக்கினாள். பூந்தொட்டியைத் தாண்ட வைத்தாள். பால்கனி.

நான்காவது மாடி. எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடி கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை. நடுவே சந்து. பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். பக்கத்தில் இல்லை.

"அப்பா, அந்தக் கூரைக்குப் போலாமா?"

வேண்டாம்.

"விழுந்தாலும் பரவாயில்லப்பா. டொய்ங்னு வந்துடுவே."

ஐயோ, வேண்டாம்டி. வேண்டாம்.

நீலம். கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றான். ஒரு ஜாண் அகலம். வெறுங்காலுக்கு அடியில் சிமெண்ட் இன்னும் வெயில் சூடாக இருந்தது. காற்று சட்டையை இழுத்தது. பின்னால் அவள், "பெரிய தாவலுக்கு அழுத்திப் பிடிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சட்டென்று, "ஐயோ, ஒன்னுக்கு வருது. அப்பா, அப்படியே இரு" என்று எதையோ அமுக்கினாள்.

எல்லாம் நின்றது. இமைகூட நின்றது. கண் எரிந்தது. இதயம் மட்டும் அடித்துக்கொண்டது.

சோபாவில் ரிமோட் விழும் சத்தம். ஓடும் கால்கள். பாத்ரூம் கதவு.

கீழே சந்தில் மனைவியின் குரல். "என்னங்க, அங்க என்ன பண்றீங்க?" கேலியாகத்தான் கேட்டாள். "என்னங்க! விளையாடாதீங்க. இறங்குங்க!" பிறகு குரல் கிழிந்தது. "யாராவது அவரைப் பிடிங்களேன்!"

அவனால் குனிந்து பார்க்க முடியவில்லை. செருப்பு படபடவென்று கட்டடத்துக்குள் ஓடியது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அதன் ஒவ்வொரு சத்தமும் அவனுக்கு அத்துப்படி. முதல் மாடி. இரண்டாவது. நின்றது. கதவு திறந்தது. யாரோ ஏறுகிறார்கள். ஏறித் தொலையுங்கள். சீக்கிரம்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

லிஃப்ட் கிளம்பியது.

ஈரக் கால்கள். டப். டப். டப்.

மூன்றாவது மாடி.

"வந்துட்டேம்ப்பா. ரெடியா?"

எதிரே கொடியில் போர்வை மெல்ல உப்பி அடங்கியது. அவன் முழங்கால் இரண்டும் தாவுவதற்காகத் தாமாக மடியத் தொடங்கின.