பார்க்காத கடைசி அங்கம்

யாரோ எழுந்ததும் மடங்கும் இருக்கை மேலே போய் முட்டும் சத்தம். தட். நாற்பது வருடம் நாடக விமர்சகராக அரங்குகளில் கேட்ட சத்தம்தான். ஆனால் ஆர்விட்டின் வீட்டில் மடங்கும் இருக்கையே கிடையாது.

சுவீடனின் கோதன்பர்க் நகரில் டிசம்பர் மாலை, மூன்றரைக்கே இருட்டிவிட்டது. வீட்டு உதவிக்கு வரும் இங்கெலா காப்பியும் ஏலக்காய் பன்னும் வைத்தாள்.

"என்ன ஆர்விட், நினைவுக் குறிப்புல இன்னும் எத்தனை பேரைக் கிழிக்கப் போறீங்க?"

"கிழிக்கத்தானே சம்பளம் குடுத்தாங்க."

"அந்த நடிகை டக்னி விஷயத்துல உண்மையை எழுதிட்டீங்களா?"

"அவ செத்து முப்பது வருஷமாச்சு, விடு."

"அவ அக்கா இருக்காளே. ரெண்டே வரி. படிச்சா அந்த மனசு ஆறும்."

இங்கெலா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்துக்காக, கடைசி அங்கத்துக்கு முன்பே ஓரத்து இருக்கையிலிருந்து நழுவிவிடுவது ஆர்விட்டின் வழக்கம். அதற்காகவே குளிர்கோட்டை அரங்க வாசலில் ஒப்படைக்காமல் மடியில் வைத்துக்கொள்வார். டக்னி நடித்த அன்றும் அப்படித்தான் நழுவினார். பார்க்காத அங்கத்தைப் பற்றி எழுதினார்: 'கடைசி அங்கத்தில் டக்னியிடம் உயிரே இல்லை.' அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். அவள் மனதில் நின்றது அவருடைய வரிதான். பனி உருகியபோது ஆற்றில் பிணமாகக் கிடைத்தாள்.

பேனாவை எடுத்தார். அந்த அக்காவை நினைத்தார். ஆனாலும் கை பழகிய வழியில் போனது: 'கடைசிவரை பார்த்தேன்.'

தட். சமையலறையில்.

நனைந்த கம்பளி உடைகளும் முகப்பவுடரும் கலந்த அந்தப் பழைய அரங்க வாசனை கதவிடுக்கில் கசிந்து, காப்பி மணத்தை மெல்ல விழுங்கி, அவர் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றது.

தட். கூடத்தில்.

எழ முயன்றார். மடியில் கோட்டு இருந்தது. அவர் எடுத்து வைக்கவில்லை. ஈரமாக இருந்தது. கல்லாகக் கனத்தது.

விளக்கு மங்கியது. கதவு திறந்தது.

டக்னி. கூந்தலில் ஆற்று நீர்.

அவள் நடித்தாள். கடைசி அங்கம் முழுவதும். ஆர்விட்டின் கண்கள் நிறைந்தன. அப்படியொரு நடிப்பை அவர் பார்த்ததேயில்லை.

உண்மையை எழுத வேண்டும். இப்போதே. பேனா ஓடியது. குனிந்து பார்த்தார்.

'உயிரே இல்லை.'

டக்னி அருகில் வந்து படித்தாள். ஈர விரலால் அந்தத் தாளைப் புரட்டி, வெற்றுத் தாளை அவர்முன் வைத்தாள். கதவுவரை திரும்பி நடந்தாள்.

கடைசி அங்கத்தின் முதல் வசனத்தை மறுபடி சொன்னாள்.