சீர்வரிசையில் வந்த காப்பி

காலை ஆறு மணிக்கு நல்லசிவத்தின் கால்கள் கட்டிலை விட்டு இறங்கின. அவன் இறங்கினான் என்று சொல்ல முடியாது. அவன் இன்னும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தான். கால்கள் சமையலறைக்குப் போயின. கைகள் டிகாக்‌ஷனை அளந்து ஊற்றின, பாலைப் பொங்கவிடாமல் இறக்கின, சர்க்கரையை அரைக் கரண்டியோடு நிறுத்தின. தமயந்தி கண் விழித்தபோது தலைமாட்டில் காப்பி தயாராக இருந்தது. கல்யாணமானதிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அந்தக் காலத்துக் கோயமுத்தூரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். காதுக்குப் பின்னால் அரிசி அளவுக்கு ஒரு பழக்கப் பதியம் இருக்கும். செடிக்குப் போடுவதுபோல நரம்பில் போட்டுவிட்டால், வேண்டிய பழக்கத்தைக் கடையில் வாங்கி அதில் ஏற்றிக்கொள்ளலாம். பல் தேய்ப்பது, நடை போவது, சொந்தக்காரர்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது, எல்லாமே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பிறகு தானாக வந்துவிடும். கல்யாணத்தில் நகை, பாத்திரத்தோடு இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பழக்கத்தைச் சீராக வைப்பது வழக்கமாகியிருந்தது. தமயந்தியின் அத்தை மாப்பிள்ளைக்கு வைத்தது காலைக் காப்பி. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு வைத்தது, தினமும் மதியம் ஒரு மணிக்குக் கணவனை ஃபோனில் அழைத்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது.

ஊரே அதில் சுகமாக இருந்தது. பிறகுதான் பதியம் பல வருடம் இருந்தால் கை நடுக்கம் வருகிறது என்று தெரிந்தது. தை முதல் தேதியோடு எல்லாப் பதியத்தையும் அணைப்பது என்று அரசு முடிவெடுத்தது. சுயமாக ஒரு பழக்கத்தைத் தொடங்குவது எப்படி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

தமயந்திக்குக் கவலை இல்லை. பீளமேட்டில் பழக்கங்களைத் தயாரித்து விற்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவி அவள். மக்களுக்கு உதவ ஒரு செயலி வேண்டும் என்றதும் சக ஊழியர்கள் வரைபடம், பரிசு, போட்டி, பேசும் கிளி என்று கொண்டுவந்து குவித்தார்கள்.

"குருவி தலைல பனங்காய வெக்காதீங்க," என்றாள். "ஒரே திரை. என்ன செய்யப் போறீங்கன்னு ஒரு வரி, 'ஆச்சு'ன்னு ஒரு பொத்தான். அவ்வளவுதான்."

'முதல் தடவை' என்று பெயர் வைத்து, பதியத்தை முன்கூட்டியே அணைத்துக்கொண்ட சிலரிடம் கொடுத்தாள். அவர்களில் ஒருவர் மருதாசலம், லேத் பட்டறை முதலாளி. காலையில் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர் கணக்கில் தினமும் ஆச்சு, ஆச்சு. தமயந்தி பெருமையோடு அவர் வீட்டுக்கே போனாள். வாசலில் அவருடைய நடைச் செருப்பின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"நடந்தீங்களாங்க?"

"அழுத்தினேனுங்க."

"அழுத்தினீங்க, சரி. நடந்தீங்களா?"

"அழுத்தினா வந்துரும்ல்லீங்க?" மருதாசலம் தன் கால்களைப் பார்த்தார். "நானும் தெனமும் அழுத்திப்போட்டு, சேர்ல உக்காந்து காலையே பாத்துட்டு இருக்கறனுங்க. அது எந்திரிக்கவே மாட்டீங்குது."

அவர் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அழுத்துவதுதான் செய்வது. தப்பு தன்னுடையது என்று தமயந்திக்கு உறைத்தது. எந்தப் பொத்தான் இவர்களை இப்படி ஆக்கியதோ, அதையே அவள் திரும்பவும் கையில் கொடுத்திருக்கிறாள்.

அன்றே பொத்தானை எடுத்துவிட்டாள். இப்போது செயலி, 'ஒரு தடவை செய்யுங்கள். மோசமாகச் செய்தாலும் போதும்' என்று சொல்லிவிட்டு அணைந்துவிடும். செய்ததைக் கண்ணால் பார்த்த இன்னொருவர் தன் ஃபோனிலிருந்து வைக்கும் ஒரு பொட்டுதான் கணக்கு. மருதாசலம் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முக்கி முனகித் தெருமுனை பேக்கரிவரை நடந்துபோய், அங்கே இரண்டு தேங்காய் பன்னும் தின்றுவிட்டு வந்தார். அந்த அம்மாள் வைத்த பொட்டைத் திரையில் பார்த்ததும் தமயந்திக்குத் தெரிந்துவிட்டது, இது ஜெயிக்கும்.

ஊரைப் பற்றி அவளுக்கு இருந்த தைரியம் வீட்டைப் பற்றி இல்லை. காப்பியைக் கொண்டுவந்தது நல்லசிவமா, அத்தை வைத்த சீரா? சீர்தான் என்றால், இத்தனை வருடம் அவள் யாரோடு குடித்தனம் நடத்தினாள்? அதை நினைத்தாலே பயமாக இருந்தது. அவனிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

தை முதல் தேதி காலையில் தலைமாட்டில் ஒன்றும் இல்லை. நல்லசிவம் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு அலுவலகம் போனாள். மதியம் ஒரு மணி வந்தது, போனது. தான் அவனை அழைக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையிலிருந்து பால் தீய்ந்த வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் நல்லசிவம் டம்ளரோடு வந்து நின்றான். சட்டையெல்லாம் டிகாக்‌ஷன்.

"இந்தா, குடி. நல்லா இருக்காது."

குடித்தாள். நல்லாத்தான் இல்லை. தீய்ந்து, கசந்து, அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது.

"மதியத்துல எதுக்குங்க காப்பி?"

"காலைல எங்க எந்திரிக்க முடியுது? நீ ஆபீஸ் போனதுக்கப்புறம் நேத்தும் முந்தாநேத்தும் போட்டேன். வாயில வெக்க முடியல, கீழ கொட்டிட்டேன்." அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "இத்தனை வருசம் இந்தக் கைதான் போட்டுச்சு. ஆனா எனக்குப் போடத் தெரியல தமயந்தி."

தமயந்தி அடிச்சர்க்கரைவரை குடித்து முடித்தாள். மனம் நிறைந்துபோயிருந்தது. 'முதல் தடவை'யில் அவன் பெயருக்குப் பொட்டு வைக்க ஃபோனை எடுத்தவள், மணி ஒன்று தாண்டியிருந்ததைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

நல்லசிவம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இல்ல," என்றான். பிறகு மெதுவாக, "எத்தனையோ நாள் இல்லன்னு சொல்லியிருக்கேன். நீ சரிங்கன்னு சொல்லி ஃபோன வெச்சுருவே."

அவளுக்கு ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேள்வியை மட்டும்தான் வாங்கி வைத்திருந்தார்கள். பதிலுக்குக் காத்திருப்பது அந்தச் சீரில் சேர்த்தியில்லை. காப்பியை வைத்து அவனை எடைபோட்டாளே, தினமும் மதியம் தன்னை அவன் எப்படிப் பொறுத்துக்கொண்டான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பொட்டை வைத்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்தாள்.

"சரி, சொல்லுங்க. என்ன சாப்பிடறீங்க?"

இதுவரை யாரும் நல்லசிவத்திடம் கேட்காத கேள்வி அது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தான். தமயந்தி பதில் வரும்வரை அங்கேயே நின்றாள்.