ஊசியின் மறுமுனை

சிரிஞ்சின் பிஸ்டன் தானாக உள்ளே போனது. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, பிஸ்டனை இழுத்துப் பரிசோதனைக்குச் செல்களை எடுப்பது நோயியல் டாக்டரான அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்றோ, அவள் இறுக்கிப் பிடித்திருக்கும்போதே, மறுமுனையில் யாரோ இழுத்ததுபோல் பிஸ்டன் விரலை மீறி உள்ளே போனது.

படுத்திருந்தவள் அவள் தங்கை. சினைப்பையில் எலுமிச்சை அளவுக் கட்டி. அக்காதான் குத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். கட்டி எந்த வகை என்று தெரிந்தால்தான் சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்ல முடியும். கல்யாணமான நாளிலிருந்து குழந்தைக்கு ஏங்குகிறவள் வேறு.

ஊசி நுனியில் ஒட்டி வந்த துளியை மூலை மேசையில் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். காப்பிக்கொட்டைபோல் நடுவில் கோடு விழுந்த உட்கருக்கள். அபூர்வமான கட்டி, பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள். செல்கள் ஒரு சிவந்த சொட்டைச் சுற்றிப் பசியோடு உட்கார்ந்திருப்பதாகத் தோன்ற, தன்னையே திட்டிக்கொண்டாள். உறுதி செய்ய இந்தச் செல்கள் போதவில்லை. இன்னொரு முறை குத்த வேண்டும்.

ஸ்கேன் டாக்டர் கருவியை வயிற்றில் அழுத்திப் பிடிக்க, அவள் மறுபடி ஊசியை இறக்கினாள். ஸ்பிரிட் வாடை, ஏசியின் முனகல், அவற்றுக்கடியில் ஜூஸின் கடைசி மிச்சத்தை ஸ்ட்ராவால் உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம். பிஸ்டன் அடிவரை போய் மோதியது. பயந்துபோய்ச் சிரிஞ்சைக் கழற்றினாள். ரத்தம் கசியாதிருக்க, பழக்கதோஷத்தில், வயிற்றில் நின்ற ஊசியின் திறந்த வாயைக் கட்டைவிரலால் பொத்தினாள்.

விரல் ஒட்டிக்கொண்டது.

கையுறையின் நுனி கிழிந்தது. நகம் பிய்ந்தது. ஸ்கேன் டாக்டர் கருவியைத் தங்கையின் வயிற்றிலேயே விட்டுவிட்டு அவளை இடுப்போடு பிடித்து இழுத்தார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விரல் வரவில்லை. மறுகையால் ஊசியைப் பிடுங்கினாள். தங்கையின் வயிறே ஊசியோடு கூடாரம்போல் எழும்பியது. தங்கை அலறினாள். அக்காவின் கை தானாக விட்டுவிட்டது.

ஸ்கேன் டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

வலியில் அக்காவுக்குக் கண் இருட்டியது. தங்கையின் வெளிறிய கன்னத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"எடுத்துடாதக்கா," என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமல். "இப்பதான் வலி நின்னிருக்கு."

அவள் எடுக்கவில்லை. மணிக்கட்டுவரை கையுறை தட்டையாகத் தொங்கியது. அதற்குள் கை இல்லை. ஸ்கேன் திரையில், தங்கையின் வயிற்றுக்குள், சாம்பல் நிறக் கட்டியின் நடுவே ஐந்து விரல்கள் மெல்ல விரிந்தன.