பக்கவாட்டில் வடிந்த ஓவியம்

வசீலா மருந்துக்கடைக்குள் நுழைந்தபோது அவளுடைய விரல்களில் செம்மண் காய்ந்திருந்தது. ஊரே 'டாக்டரம்மா' என்று கூப்பிடும் கடைக்காரி ரவ்தாவை அவள் பார்க்கவே இல்லை. மூலை நாற்காலியில் காலைப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்த ஹஷ்மியிடம் நேராகப் போனாள். கெஃப் நகர நீதிமன்றத்தில் குற்ற விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"என் படத்தை அழிச்சுட்டாங்க அய்யா. நாளைக்குக் கண்காட்சி. நூரிதான் செஞ்சிருக்கான்."

"உட்காரும்மா. என்ன நடந்துச்சு?"

ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஒரு பழைய ஒலிவ எண்ணெய்ச் செக்காலையைக் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இல்லமாக மாற்றியிருந்தார் முன்ஸிஃப் என்பவர். வசீலா குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி, உள்ளூர் மண்ணையே வண்ணமாகக் குழைத்து ஆளை விட உயரமான ஒரு படம் வரைந்திருந்தாள். துணி போட்டு மூடியே வைத்திருந்தாள், ஒருவருக்கும் காட்டவில்லை. நேற்று மதியம் மேல்பூச்சு வாங்க அவள் நகரத்துக்கு வந்த நேரத்தில் மழை கொட்டியது. திரும்பிப் போனால் கூரை ஜன்னல் திறந்து கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த படம் கரைந்து போயிருந்தது.

"மழையா இருக்கலாமே?" என்றாள் ரவ்தா.

"ஜன்னலை நானே பூட்டிட்டு வந்தேன் டாக்டரம்மா! நூரி நேத்து அங்கதான் இருந்தான். 'சேத்தைப் பூசறதெல்லாம் ஓவியமா'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறவன்."

ரவ்தா அதற்குள் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையை மாட்டிவிட்டாள். "என் வண்டியிலயே போயிடலாம் அய்யா!"

படக்கூடத்துக்கு முற்றத்தைப் பார்த்த ஒரே கதவுதான். ஹஷ்மி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு பெண் நிற்பது தெரிந்தது. முகம் கரைந்திருந்தது. நீட்டிய கைகளில் பழுப்பாக ஏதோ ஒரு திட்டு. கறைகள் எல்லாம் இடமிருந்து வலமாகப் படுத்துக் கிடந்தன.

"காத்து அடிச்சிருக்கும்!" என்றாள் ரவ்தா.

"தண்ணி எப்பவும் கீழதான் வடியும்மா. இது நனைஞ்சப்ப பக்கவாட்டுல நின்னிருக்கு." படச் சட்டத்தின் வலது ஓரத்தை விரலால் தடவினார். முற்றத்துச் சரளைக்கல் ஒட்டியிருந்தது. பிறகு கதவைக் காட்டினார். "படம் கதவை விட உயரம். சாய்ச்சாத்தான் வெளியே போகும். வெளியே கொண்டுபோய் மழையில நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்து மாட்டி, ஜன்னலைத் திறந்து வச்சிருக்காங்க."

நேற்று அங்கே இருந்தவர்களை வரச் சொன்னார். முன்ஸிஃப் வந்தார். நகரத்து ஓவியர் சங்கத் தலைவன் நூரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். கடைசியாக, அங்கேயே தங்கிப் பானை செய்யும் மட்பாண்டக் கலைஞர் தலீலா வந்தாள். கல்லூரி நாளிலிருந்து வசீலாவின் உயிர்த்தோழி. வந்ததும் வசீலாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"மழை பெஞ்சப்ப எங்க இருந்தீங்க?"

"அடுப்படியில," என்றார் முன்ஸிஃப். "இவரு என்கூடத்தான் கத்திக்கிட்டு இருந்தாரு."

"கத்தினேன். இல்லேங்கலை," என்றான் நூரி. "எனக்குப் படம் பிடிக்கலேன்னா மேடையில ஏறிச் சொல்லுவேன். மழையில நனைக்க மாட்டேன்."

"நான் சூளைகிட்ட இருந்தேன் அண்ணே," என்றாள் தலீலா. "பானை வேகுது, விட்டுட்டு வர முடியாது. முற்றம் முழுக்க என் கண்ணு முன்னாடிதான். ஒரு ஈ காக்கா குறுக்கே போகல."

ஹஷ்மி தலையசைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பொண்ணு கையில என்ன வச்சிருக்கா?"

"குழந்தை," என்றார் முன்ஸிஃப்.

"மாவு மூட்டை," என்றான் நூரி.

"ஒண்ணுமில்லை," என்றாள் தலீலா. "வெறுந்துணி."

வசீலா மெதுவாக அவளுடைய கையைத் தன் தோளிலிருந்து எடுத்தாள்.

"முன்ஸிஃப், நல்லா ஒரு தேநீர் போடுங்க. நூரி, நீங்களும் போங்க," என்றார் ஹஷ்மி. ஆண்கள் போனபின் கதவைச் சாத்தினார். "தலீலா, படம் இந்த முற்றத்துக்கு வந்திருக்கு. உன் கண்ணு முன்னாடி. யாரும் வரலேன்னு நீ சொல்றே. இந்தத் திட்டைப் பாத்தா துணின்னு யாருக்கும் தெரியாது. நனையறதுக்கு முன்னால பாத்தவளுக்குத்தான் தெரியும். துணி ஏன் வெறுமையா இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

"நீயாடி?" வசீலாவின் குரல் உடைந்தது. "யார் யாரையோ சந்தேகப்பட்டேன். நீயாடி?"

"உனக்கு முதல் வாழ்த்து நான் சொல்லணும்னுதான் துணியைத் தூக்கிப் பாத்தேன்," என்றாள் தலீலா. "படத்துல நான் நிக்கறேன். ஜென்தூபா பேருந்து நிலையத்துல. என் முகம், என் பொட்டு மச்சம் முதக்கொண்டு."

ரவ்தாவுக்குப் புரியவில்லை. தலீலா அவளைப் பார்த்தே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு குழந்தை பொறந்துச்சு டாக்டரம்மா. ஆஸ்பத்திரியிலயே யாருக்கோ கொடுத்துட்டு, சுத்தியிருந்த துணியை மட்டும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். இந்த உலகத்துல இவகிட்ட மட்டும்தான் சொன்னேன். நாளைக்கு என் புருஷன் வர்றாரு, மாமியார் வர்றாங்க, ஊரே வருது."

"உன் பேரை எங்கயும் போடல..."

"முகத்தைப் போட்டியே."

"நல்ல படம்னு நினைச்சேன் தலீலா. என் வாழ்க்கையிலயே நல்ல படம். உன்கிட்டக் கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு..."

"தெரிஞ்சுதான் கேக்கல."

வசீலா வெளியே போய், தேநீரோடு வந்த ஆண்களிடம், "மழைதான். ஜன்னல் கொக்கி சரியில்லை. நூரி, உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்," என்று மட்டும் சொன்னாள். தலீலாவின் பக்கம் திரும்பவில்லை.

தலீலா பையை எடுத்துக்கொண்டு ஹஷ்மியோடும் ரவ்தாவோடும் வண்டியில் ஏறினாள். கோதுமை வயல்கள் முடிந்த இடத்தில் ரவ்தாதான் தாங்க முடியாமல் கேட்டாள்: "கிழிச்சுப் போட்டிருக்கலாமே? ஏன் மழையில வச்சே?"

"கிழிக்கத்தான் கத்தி எடுத்தேன்." தலீலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கை வரல டாக்டரம்மா. அதுல நான் அவ்வளவு அழகா இருந்தேன். அன்னிக்கு என்னை யாருமே அப்படிப் பாக்கல."