ஆணி இல்லாத அறை

திரையில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த கோடு திடீரென்று ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

அவள் பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். இரும்பு கிட்டே வந்தால்தான் அந்தக் கோடு துள்ளும். இந்தப் பொட்டலில் இரும்புக்கு எங்கே போவது? அவள் உட்கார்ந்திருந்த அறையே மரமும் கயிறுமாகக் கட்டியது. தேடினாலும் ஒரு ஆணி கிடைக்காது. வெளியே கம்பத்தில் பொருத்திய கருவி பூமியின் காந்தத்தை அளந்து அவளுடைய லேப்டாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மேலே அண்ணன் போகும் சின்ன அலுமினிய விமானம், ஏர் ஓட்டுவதுபோல் வரிவரியாகப் பறந்து அதே காந்தத்தை அளந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் மண்ணுக்கடியில் தாது எங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அளவு கெடக்கூடாதென்று அவளைக் கொண்டுவந்து விட்ட வண்டியைக்கூட காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளையும் விடவில்லை. "ஊக்கு, ஹேர்பின் எல்லாத்தையும் கழட்டுடி. நடமாடும் ஊக்குக் கடை நீ!" என்று அண்ணன் கையை நீட்டினான். தோளைத் தொடும் குட்டை முடிக்கு இத்தனை பின்னா என்று கிண்டல் வேறு. வாங்கியவற்றை ஒவ்வொன்றாகத் தன் சட்டையின் உள்பக்கம் குத்திக்கொண்டான். சாயங்காலம் தருவதாகச் சொன்னான். அவளும் சிரித்தாள்.

கோடு மறுபடி துள்ளியது. இந்த முறை அடங்கவில்லை. நின்று நின்று ஏறியது, யாரோ நடந்து வருவதுபோல.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "அண்ணா, கோடு ஏறுது. இந்தப் பக்கம் வண்டி ஏதாச்சும் வருதா?"

"இல்ல சின்னு. நீ உள்ளயே இரு."

"வெளிய என்னமோ தரையில இழுபடுற சத்தம் கேக்குது."

"ஊக்கெல்லாம் கழட்டிட்டேல்ல?"

"நீதானே வாங்கிக்கிட்ட? என்ன கேள்வி இது!"

விமானத்தின் இரைச்சல் தலைக்கு மேலே வந்து, கூரையை அதிர வைத்து, மறுகோடிக்குத் தேய்ந்து போனது. அந்தி வெளிச்சம் பலகை இடுக்குகளில் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் மழை பார்க்காத அந்தத் தரையிலிருந்து கிணற்றைத் தூர்வாரும்போது வருகிற வாடை எழுந்தது. கதவுக்கு அந்தப்புறம் இழுபடும் சத்தம் நின்றது. விமானத்தின் வயிற்றில் வெப்பம் பார்க்கும் கேமரா ஒன்றும் உண்டு. சூடானதெல்லாம் வெள்ளையாக, குளிர்ந்ததெல்லாம் கறுப்பாகத் தெரியும்.

"அண்ணா, கேமராவுல பாரேன். வாசல்ல யாராவது நிக்கறாங்களா?"

அவன் பொத்தானை அழுத்தினான். ஆனால் அவன் பக்கத்திலிருந்து விமானியின் குரல்தான் கேட்டது. "கறுப்பா நிக்குது பாருங்க சார். போன மாசம் இதே வேலைக்கு வந்த விமானத்தக் கீழ இழுத்துச்சே, அதேதான்."

"கீழ ஒரு ஆள் இருந்தா மேல வராது. நீ ஓட்டு," என்றான் அண்ணன்.

"ஆளுன்னா யாருண்ணா? நானா?"

"சின்னு..." அவன் குரல் உடைந்தது. "இரும்பு இருந்தா அது கிட்ட வராதுடி. அதனாலதான் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். எனக்குப் புள்ளைங்க இருக்கு. நீ தனி ஆளுதானே."

தனி ஆள். அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவளே அவள்தான். ராத்திரி காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவள் அவள்தான். பாவி, கூடப் பிறந்தவன் சொல்கிற பேச்சா இது?

"இறங்கி வாண்ணா. ஒரே ஒரு ஊக்கு குடு, போதும்."



விமானம் திரும்பி வந்தது. தலைக்கு மேலே வந்தது. அண்ணனின் குரல், அவளிடம் அல்ல, விமானியிடம்: "வாசல்ல காணோம்."

"உள்ள போயிடுச்சு சார்."

அவள் கதவைப் பார்த்தாள். மரத்தாழ் போட்டபடியே இருந்தது. திரையைப் பார்த்தாள். கோடு செங்குத்தாக ஏறி, திரையை விட்டே வெளியே போயிருந்தது.

கத்த வாயைத் திறந்தாள்.

பிடரியில் குளிர்.

விரல்கள். ஈரமான விரல்கள். பின் இல்லாமல் அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளின. மூன்றாகப் பிரித்தன. அவசரமே இல்லாமல் பின்ன ஆரம்பித்தன.

"மேல அளவு சுத்தமா வருது," என்றது வாக்கி டாக்கி. "அடுத்த வரிக்குத் திருப்பு."

பின்னல் அவள் முதுகில் இறங்கியது. இடுப்பைத் தாண்டியது. இன்னும் பின்னிக்கொண்டே இருந்தது.

அவள் முடி தோளோடு முடிந்துவிடும்.