ஆறாவது கிலோமீட்டரில் யாருமில்லை

“கிளம்புங்க! இனி ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது!”

இசக்கியம்மாள் திசைகாட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கால்மணி நேரத்துக்கு முன்புதான் கரடிப்பாறை முகாமின் வயர்லெஸ்ஸில் ஜெபசிங்கின் குரல் கேட்டது. காட்டுச் செடிகளைக் கணக்கெடுக்க விடியற்காலையில் தனியாகப் போனவன்.

“கரடிப்பாறையிலேர்ந்து நேர் வடகிழக்க வந்தேன்... மூணு மணி நேரம் இருக்கும்... ஓடைப் பள்ளத்துல விழுந்துட்டேன்... கால் ஒடிஞ்சிட்டு... தண்ணி ஏறுது!”

அதோடு கரகரப்பு மட்டும்தான்.

ஜெபசிங்கின் தம்பி ஹென்றி வரைபடத்தை விரித்தான். “எவ்வளவு தூரம்க்கா?”

சர்வேயரான இசக்கி யோசிக்கவே இல்லை. “மணிக்கு ரெண்டு கிலோமீட்டர், மூணு மணி நேரம். ஆறு கிலோமீட்டர்!”

ஹென்றி அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தான். வழிகாட்டி மல்லன் காணி கொடிகளை வெட்டி எறிந்துகொண்டு முன்னால் பாய்ந்தார். வழுக்கினார்கள், விழுந்தார்கள், எழுந்து ஓடினார்கள். அட்டைகள் கணுக்காலில் கொத்தாகத் தொங்கின. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இரண்டரை மணி நேரத்தில் புள்ளியை எட்டினார்கள். அங்கே ஜெபசிங் இல்லை. பள்ளம் இல்லை. ஓடையே இல்லை!

“அண்ணே! அண்ணே!” ஹென்றி நாலாபக்கமும் ஓடிக் கத்தினான்.

இசக்கி வரைபடத்தை வாங்கி மறுபடி பார்த்தாள். கணக்குச் சொன்னவள் அவள். அதை நம்பி ஓடிவந்தவன் ஜெபசிங்கின் கூடப்பிறந்தவன்.

“இன்னும் முன்னாடி போவோம்க்கா!”

“நில்லு! மணிக்கு ரெண்டுங்கிறது நான் குத்துமதிப்பாச் சொன்னது. அதுல அரைக் கிலோமீட்டர் தப்புன்னாகூட, மூணு மணி நேரத்துல ஒன்றரையா வளந்துரும். நேரத்துல கால்மணி தப்புன்னா அரைக் கிலோமீட்டர்தான். திசை மூணு டிகிரி விலகினா பக்கவாட்டுல முந்நூறு மீட்டர். எல்லாத்தையும்விடப் பெரிய ஓட்டை வேகத்துலதான். மல்லண்ணே, அவரு எப்படி நடப்பாரு?”

“அவரா? ஒவ்வொரு செடிக்கும் குனிஞ்சு நின்னுருவாரு தாயி. நேத்து ஆத்துக்கடவுலேர்ந்து கரடிப்பாறைக்கு வர ரெண்டு மணி நேரம் ஆச்சே!”

இசக்கி வரைபடத்தில் அளந்தாள். அது மூன்று கிலோமீட்டர். அப்படியானால் மணிக்கு ஒன்றரைதான்!

“நாலரைக் கிலோமீட்டர்! தாண்டி வந்துட்டோம், திரும்புங்க!”

ஓடிக்கொண்டே பென்சிலால் ஒரு நீள்வட்டம் போட்டாள். முன்னும் பின்னும் அரைக் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கால் கிலோமீட்டர். ஆனால் நட்டநடுவில் போய் நின்றபோது வெறும் மூங்கில் புதர்தான் இருந்தது. ஹென்றி சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

“இங்கயும் இல்லியேக்கா...”

“எந்திரி! நடுவுல இருப்பாருன்னு யார் சொன்னா? இந்த வட்டத்துக்குள்ள எங்க வேணா இருக்கலாம். ஓரம் வரைக்கும் பார்க்காம இல்லைன்னு சொல்லாத!”

நாற்பது அடி இடைவெளியில் மூவரும் வரிசையாகப் பிரிந்து, உழுவதுபோல் போய்த் திரும்பினார்கள். ஐந்தாவது நடையில் மல்லன் சட்டென்று கையை உயர்த்தினார். தண்ணீர் இரைச்சல்! அதனடியில் ஈனசுரத்தில் ஒரு விசில்!

பாறை இடுக்கில், மார்பளவு வெள்ளத்தில், ஒரு வேரைக் கட்டிக்கொண்டு ஜெபசிங் தொங்கிக்கொண்டிருந்தான். ஹென்றி கயிற்றை இடுப்பில் கட்டிக் குதித்தே விட்டான். “இழுங்க! இழுங்க!” இசக்கியின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிடியை அவள் விடவில்லை.

மாலை வெளிச்சம் போவதற்குள் மூங்கில் தூளியில் ஜெபசிங்கைச் சுமந்துகொண்டு கரடிப்பாறை முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முகாமே ஆரவாரித்தது.

முகாமிலிருந்த வனவர் நோட்டைத் திறந்தார். “எந்த இடம்மா? சரியாச் சொல்லுங்க.”

“நாலே முக்கால் கிலோமீட்டர், வடகிழக்குலேர்ந்து ரெண்டு டிகிரி கிழக்க விலகி” என்றாள் இசக்கி.

“நூறு மீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம்” என்றான் ஹென்றி, அண்ணனின் கையை விடாமலே. “அதையும் சேர்த்து எழுதிக்கோங்க சார்!”