பெவன் ஏரியில் கையசைத்தவர்

பெவன் டவுன்ஸ் பண்ணைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மணி இரண்டரை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவந்த மண். நிழல் என்று ஏதாவது இருந்தால் அது என் வண்டிக்கு அடியில்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் ஈக்கள் முகத்தில் மொய்த்தன. செம்மறிகளுக்கு ரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்குவதற்காக எப்போதோ கட்டிய நீள வீடு அது. தகரக் கூரை வெயிலில் விரிந்து, யாரோ மேலே நடப்பதுபோல் டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் தெல்மா நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். பண்ணை அவருடையது, அறைகளை என்னைப் போன்ற பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்.

"அடிலெய்டுலேர்ந்தா வர்றே? இந்த வெயில்லயா? ஒண்ணு, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும். இல்லேன்னா நீ போட்டோ எடுக்கறவனா இருக்கணும்."

"ரெண்டும்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து வெகுநாளாகியிருந்தது.

என் பெயர் டெஸ்மண்ட் குவில். இருபத்தெட்டு வருடங்களாக நிலக்காட்சிகளைப் படம் எடுத்துப் பிழைத்தவன். கடற்கரைப் பாறைகள், கோதுமை வயல்கள், பாலைவனத்தில் வற்றிக் கிடக்கும் உப்பு ஏரிகள். என் படங்களில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. எனக்குப் பெரிய பரிசு வாங்கிக் கொடுத்த படம், இதே பண்ணைக்குள் இருக்கும் பெவன் ஏரியில் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மாலையில் எடுத்தது. முடிவில்லாத வெள்ளை உப்பு, அதன்மேல் ரோஜா நிற வானம். வேறொன்றும் இல்லை.

இப்போது நான் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு புள்ளி.

கடந்த கோடையில் தெற்குக் கடற்கரையில் எடுத்த படமொன்றில், தொடுவானத்தில் சிறியதாக, நிமிர்ந்த கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. தூசி என்று நினைத்தேன். லென்சைத் துடைத்தேன். அடுத்த வாரம் வயல்வெளிப் படத்திலும் அது இருந்தது. லென்சை மாற்றினேன், பிறகு கேமராவையே மாற்றினேன். மலை, கடல், காடு, எதை எடுத்தாலும் தூரத்தில் அது நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் அதற்குக் கைகள் இருந்தன.

இரண்டு கைகளும் மேலே தூக்கியிருந்தன.

அது யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரிடமும் காட்டவில்லை.

சாப்பாட்டுக்கூடத்தில் தெல்மா தேநீரும் உப்புக்கண்ட இறைச்சி வைத்த ரொட்டியும் கொடுத்தார். சுவரில் பழைய பண்ணைப் படங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவே ஒரு பெரிய சட்டம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அது உன் படந்தான்" என்றார், நான் பார்ப்பதைக் கவனித்து. "பேரைச் சொன்னதுமே தெரிஞ்சுகிட்டேன். ஏரியைப் பார்க்க ஆள் வருவாங்கன்னு ஆசைப்பட்டு மாட்டினேன்."

"அப்புறம் ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க?"

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"போன கோடையில ஒருநாள் தூசி தட்டப் போனேன். அதுல ஒருத்தன் நிக்கிறான்ப்பா. அஞ்சு வருஷமா இல்லாதவன்."

நான் எழுந்து போய்ச் சட்டத்தைத் திருப்பினேன்.

வெள்ளை உப்பின் நடுவே, நான் அழித்த அதே இடத்தில், அவர் நின்றிருந்தார்.

ஆமாம், அவரைப் படத்திலிருந்து அழித்தேன். வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, நாலு நிமிடத்தில்.

"அவன் பேரு லயல் புரூக்ஸ்" என்றார் தெல்மா. "காத்தாலை பம்பு ரிப்பேர் பண்றவன். ஆறு வருஷம் முன்னாடி, கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி இங்கதான் படுத்தான். வடக்குப் பம்பைப் பார்க்கப் போறேன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்துடுவேன், வரலேன்னா போலீசுக்குச் சொல்லிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனான். இந்தப் பக்கத்துல எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் போவாங்க. அந்த வாரம் இங்க ரோமக் கத்தரிப்பு. பதினாலு பேருக்கு மூணு வேளை சமைச்சுப் போடணும். எனக்கு ஞாபகம் வந்தது வெள்ளிக்கிழமை."

வெளியே தகரம் டப்பென்றது.

"வண்டி ஏரிச் சேத்துல புதைஞ்சிருந்தது. அவன் நடந்து வந்திருக்கான், பாதைக்கு இன்னும் ஒரே கிலோமீட்டர். ஒரு கால் பிசகியிருந்தாலும் தவழ்ந்தாவது வந்திருக்கலாம். ஆனா உட்கார்ந்துட்டான். உட்கார்ந்தபடியேதான் செத்துக் கிடந்தான். போலீஸ்காரங்களுக்கே புரியல. யாரோ வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாப்ல, அவ்வளவு அமைதியா உட்கார்ந்திருந்தானாம்."

என் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வெளிச்சம் இறங்குறதுக்குள்ள ஏரிக்குப் போகணும்" என்றேன்.

"தனியா யாரையும் இப்ப நான் விடறதில்ல" என்று சொல்லி, தெல்மா தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு என்னோடு வண்டியில் ஏறினார்.

பாதை ஏரியை ஒட்டிய மேட்டில் ஏறும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அதே இடம். முக்காலியை ஊன்றி, நீண்ட லென்சைப் பொருத்தினேன். காற்று இல்லை. பறவை இல்லை. ஏரி மேலே கானல் மட்டும் மெல்ல நெளிந்தது.

கண்ணால் பார்த்தேன். யாரும் இல்லை.

கேமரா வழியே பார்த்தேன். யாரும் இல்லை.

அழுத்தினேன். திரையில் படம் வந்தது. வெகுதூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் மேலே.

தெல்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மறுபடி அழுத்தினேன். இப்போது பாதித் தூரம் வந்திருந்தார். கைகள் இறங்கியிருந்தன. ஒரு கால் இழுத்தபடி இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்.

உப்பு ஓடு காலடியில் நொறுங்கும் சத்தம். ஏரியில் நடந்தவர்களுக்கு அது மறக்காது.

சரக். கொஞ்சம் இடைவெளி. பிறகு எதையோ இழுக்கும் ஓசை. மறுபடி சரக்.

எதிரே வெறும் வெள்ளை. ஒரு மணல் துகள்கூட நகரவில்லை.

"வண்டியில ஏறு" என்று தெல்மா கிசுகிசுத்தார். "போதும். ஏறு."

என் விரல் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அழுத்திவிட்டது.

திரை முழுக்க நீலம். துணி. வேலைச் சட்டைத் துணி, வியர்வை உப்பு காய்ந்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது. நடுவில் ஒரு பித்தான்.

சத்தம் நின்றது.

வியர்வையும் மசகு எண்ணெயும் கலந்த வாடை மிக அருகில் வந்தது. முக்காலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நான் மண்டியிட்டேன். தெல்மாவிடம் சொன்னேனா, லயலிடம் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதே இடத்துல நின்னேன். நீங்க கையசைச்சதைப் பார்த்தேன். இந்த லென்ஸ்ல நல்லாவே தெரிஞ்சுது. யாரோ ஊர் சுத்த வந்தவன், என் படத்தைக் கெடுக்கறான்னு எரிச்சலா இருந்துச்சு. வெளிச்சம் போயிட்டே இருந்துச்சு. அதனால நானும் கையைத் தூக்கி அசைச்சேன். தள்ளிப் போன்னு. ரெண்டு தடவை. தள்ளிப் போன்னு சொல்லித்தான் அசைச்சேன்."

முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க கையை இறக்கினீங்க. அப்புறம் உட்கார்ந்தீங்க. நான் படம் எடுத்துட்டுப் போயிட்டேன்."

அங்கே, அந்தத் தூரத்தில், அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சாப்பாட்டுக்கூடத்தில் தெல்மா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. மேட்டில் ஒரு வெள்ளை வண்டி. ஓர் ஆள். அந்த ஆள் பதிலுக்குக் கையசைக்கிறான். பார்த்துவிட்டான். வருகிறான்.

அதனால் அவர் உட்கார்ந்து காத்திருந்தார்.

இரவெல்லாம். மறுநாள் வெயிலிலும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. வாடை மெல்லக் கரைந்தது. தலை தூக்கியபோது ஏரி சாம்பல் நிறமாகியிருந்தது. முக்காலியைச் சுற்றி எங்கள் காலடித் தடங்கள் மட்டுமே இருந்தன.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்திருப்போம். தெல்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலமா?"

"ஆமா."

"உயிரோட இருந்தான்."

"ஆமா."

"அன்னிக்கு ராத்திரி நான் ஒரு போன் பண்ணியிருந்தா, காலையில விமானம் வந்திருக்கும். நடு உப்புல உட்கார்ந்திருக்கறவனைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?" அவர் குரல் உடைந்தது. "உன்னை மன்னிக்கிற இடத்துல நான் இல்லடா, டெஸ்மண்ட். எனக்கே அது கிடைக்கல. அவனுக்கு ஒரு அக்கா இருக்கா. அவகிட்ட போய்ச் சொல்லு."

போனேன். முதலில் காவல் நிலையத்துக்கு. இளம் அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். சட்டப்படி நான் எதுவும் செய்யவில்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் செய்த குற்றமே அதுதான் என்று அவருக்கு விளக்கத் தெரியாமல் வெளியே வந்தேன்.

லயலின் அக்கா ஜோசலின் போர்ட் அகஸ்டாவில் இருந்தார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே முழுவதையும் கேட்டார். அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன் ஒரு கையால அசைச்சானா, ரெண்டு கையாலயுமா?"

இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தால் அந்தப் பக்கத்தில் அது உதவி கேட்பது; பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"ரெண்டு கையாலயும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நான் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பரிசைத் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று பத்திரிகைக்கு எழுதினேன். அவர்கள் அதை அச்சிட்டார்கள். நண்பர்கள் குறைந்தார்கள், அது நியாயம்தான். கேமராக்களை எல்லாம் கொடுத்துவிட்டு, பழ மண்டி ஒன்றில் லாரி ஓட்டும் வேலைக்குப் போனேன். ஒரு வருடம் ஓடியது. தூக்கம்கூட வர ஆரம்பித்தது. முடிந்துவிட்டது என்று நான் நம்பியதில்லை. ஆனால் அவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனேன். காலை பத்து மணி, கூட்டமான அலுவலகம், எங்கேயோ ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதுகொண்டிருந்தது. என் முறை வந்ததும், முகத்தைப் படம் எடுப்பதற்காக வெள்ளைச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். சுவரின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி உறைத்தது.

கண்ணாடி அணிந்த அந்தப் பெண் ஊழியர் திரையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"சார்" என்றார், அலுத்துப்போன குரலில். "ஒருத்தர் மட்டும்தான் நிக்கணும். பின்னாடி நிக்கிறவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்களேன்."

என் கை தானாக உயரப் பார்த்தது. அதை இன்னொரு கையால் பிடித்து அழுத்திக்கொண்டேன்.

"வேண்டாம்மா" என்றேன். "அவர் நிக்கட்டும்."